அம்பது டொலர் காசு

சுரேஸ் எறிந்த போன் கலாராணியின் தலையில் படவில்லை, சுவரில் பட்டது. சனிக்கிழமை காலை, தேத்தண்ணியில் சீனி குறைந்துபோனது என்பதுதான் வழக்கு. அவள் குனிந்தாள். பதினேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் எப்போது குனிய வேண்டும் என்பதை மட்டும் அவள் பிழையில்லாமல் கற்றிருந்தாள். போன் சுவரில் மோதி அடுப்படி வாசலில் விழுந்தது. அதன் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாக வெடித்திருந்தது. எடுத்துப் பார்த்த சுரேஸின் முகம் பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதுபோல் கோணியது. “ஒன்னாலதான்டி” என்றான். எறிந்தவன் அவன், குறி தவறியதும் அவன் கைதான், ஆனால் குனிந்தது அவள் குற்றம். அந்தக் குற்றத்துக்கு அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகுக்கட்டையால் அவளுடைய தோளில் இரண்டு போட்டான். அதற்குக் குனிந்து பயனில்லை. பக்கத்துக் காம்பராவில் பாக்கியலெட்சுமி அக்கா டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். ஒரு காம்பராவில் இருமினால் வரிசையிலுள்ள எட்டுக் காம்பராவுக்கும் கேட்கிற தேயிலைத் தோட்டத்து லயம் அது. அடிவாங்குகிறவளுடைய மானத்தைக் காப்பாற்ற அக்கம்பக்கம் செய்கிற உதவி அவ்வளவுதான். டிவி சத்தம் கூடினால் அடி விழுகிறது என்று ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுக்கத் தெரியும், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனைத் தூக்கிக்கொண்டு பசறைக்குப் போனான். புதுக் கண்ணாடி போட பதினையாயிரம் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். திரும்பி வந்தவன் சாப்பிட உட்காராமல் சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றான். பக்தியில் நிற்கிற ஆள் இல்லை அவன். மாரியம்மன் படத்துக்குக் கீழே குங்குமச் சிமிழ், கற்பூரத் தட்டு, குவைத்திலிருந்து அவள் கொண்டுவந்த சில்லறைகள், அவற்றுக்கு நடுவே வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள் அந்தப் பெரிய மஞ்சள் காசு. ஒரு பக்கம் ஒரு ராணியின் தலை, தலைக்குக் கீழே ஐம்பது டொலர் என்று ஆங்கிலத்தில் அச்சு. மறுபக்கம் ஒரே ஒரு இலை, விரல் விரித்த கை மாதிரி.

“அம்பது டொலர்னா இன்னைக்கு என்னா வரும்?”

“அது பிள்ளைக்குங்க. அவ சோதன எழுதுனா ஏதாச்சும் வாங்கிக் குடுக்க வச்சிருக்கேன்” என்றாள் கலாராணி.

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“பதினஞ்சாயிரம் வரும்” என்றாள். சொன்ன பிறகுதான் செய்த பிழை விளங்கியது. அவ்வளவுதான் என்றால் அதை மாற்றப் பதுளை வரை போக அவனுக்கு அலுப்பு, மூன்று வருடமாக அந்தக் காசைக் காப்பாற்றிக்கொண்டிருந்த சொல் அது. இன்று முதல் தடவையாக அவனுக்கு வேண்டியதும் அச்சொட்டாக அதே தொகையாக இருந்தது. அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

அந்தக் காசு ஐம்பது டொலர் இல்லை. அது அவளுக்குத் தெரியும், குவைத்தில் மேல்மாடி வீட்டில் வேலைசெய்த பிலிப்பைன்ஸ்காரிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கே தெரியாது. அதற்குக் கீழ் வீட்டில் கலாராணி ஆறு வருடம் வேலை செய்தாள். கடைசி வருடம், வீட்டுக்காரியின் மூத்த மகன், பதினெட்டு வயதுப் பையன், சட்டையில் இஸ்திரிக்கறை பட்டுவிட்டதென்று இடுப்புப் பட்டியைக் கழற்றி விளாசினான். பட்டியின் இரும்புக் கொளுவி இடது காதில் இறங்கியது. தலையணையில் ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. காலையில் அந்த அம்மா வந்து பார்த்தாள், புருசனின் மேசை லாச்சியை இழுத்தாள், அதில் வரிசையாக இருந்த டப்பிகளில் ஒன்றை எடுத்துக் கலாராணியின் உள்ளங்கையில் வைத்து விரல்களைத் தானே மடக்கிவிட்டாள். ராணிக்குக் கீழே இருந்த எழுத்தைச் சுட்டிக்காட்டி, ஐம்பது டொலர், நல்ல காசு என்று சிரித்தாள். பிறகு தன் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கிளினிக்கில் கலாராணி குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். இடது காது அதோடு போயிற்று.

ஒரு மாதம் கழித்து மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பிலிப்பைன்ஸ்காரியிடம் காட்டினாள். அவள் தன் போனில் எதையோ தேடிப்பார்த்தாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். இது தங்கம், கலப்பில்லாத சுத்தத் தங்கம், ஐம்பது என்பது அந்த நாட்டு அரசாங்கம் பேருக்குப் போட்ட எண், விலை எடையில் இருக்கிறது என்று அரபியிலும் சைகையிலும் விளக்கினாள். அன்றைக்கே அது ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்குகிற பணம். கலாராணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு சந்தோசம் வந்தது, குரூரமான சந்தோசம். அவளுடைய காதுக்கு அந்த வீட்டுக்காரி ஐம்பது டொலர்தான் மதிப்புப் போட்டாள். அந்த அம்மாவின் கெட்ட நேரம், புருசனின் லாச்சியில் என்ன இருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது அதை அவள் ஒளிக்கவில்லை. ஒளித்தால் சுரேஸ் தேடுவான். தேடுவதில் அவன் கெட்டிக்காரன், அரிசிவாளி, தலையணை உறை, கூரைத் தகரத்தின் மடிப்பு வரைக்கும் கைவிட்டுப் பார்ப்பவன். அவள் அனுப்பிய ஆறு வருடக் காசையும் ஆட்டோ வாங்கி, விற்று, குடித்துத் தீர்த்திருந்தான். ஆகவே வந்த அன்றைக்கே எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினாள். முலாம் பூசின காசு, வீட்டுக்காரி பக்சீசாகக் குடுத்தது, அம்பது டொலராம் என்றாள். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. லயத்து ஆட்களுக்குத் தங்கம் தெரியாதென்று அர்த்தமில்லை. காதில், கழுத்தில், அடகுக்கடையில் தங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் தங்கம் என்றால் நிறுத்துப் பார்ப்பார்கள், உரைத்துப் பார்ப்பார்கள், பவுன் கணக்கில் பேசுவார்கள். தங்கத்தின் மேலேயே விலையை அச்சடித்து அவர்கள் பார்த்ததில்லை. விலை எழுதியிருந்தால் அது காசு, காசு என்றால் எழுதியிருக்கிற அளவுக்குத்தான் போகும். பிறகு அந்த எலுமிச்சை மஞ்சளும் கண்ணாடிப் பளபளப்பும் பிள்ளைகள் தின்கிற தகட்டுச் சொக்லேட்டைப்போல இருந்தன. பாக்கியலெட்சுமி அக்கா திருப்பிப் பார்த்துவிட்டு, “எல போட்டிருக்கு, அதுவும் முத்தல் எல. நம்ம கங்காணி கூடையில பாத்தா எடுத்து வீசிருவான்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கலாராணி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

மூன்று வருடம் அது சாமித்தட்டில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. கலாராணி மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். பெப்ரவரியில் மகள் நிரஞ்சலா ஓ.எல். சோதனை எழுதுவாள். எழுதி முடித்த மறுநாள் காசை விற்றுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். பண்டாரவளையில் ஒரு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள், ஓட்டுக்கூரை, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற அறை. தாழ்ப்பாளுக்காகத்தான் அந்த வீடு அவளுக்குப் பிடித்தது. நிரஞ்சலாவிடம் இதைச் சொல்லவில்லை. ஏழு வயதில் விட்டுப் போன பிள்ளை, பதின்மூன்று வயதில் திரும்பி வந்த அம்மாவை வீட்டுக்கு வந்த விருந்தாளிபோலப் பார்த்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்பன் அடிக்கும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்குப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறிப்பு. பகல் நிறுவை முடிந்து மூன்று மணிபோல் வீட்டுக்கு வந்தவள் கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் சாமித்தட்டைப் பார்த்தாள். குங்குமச் சிமிழ் இருந்தது, சில்லறைகள் இருந்தன. நடுவில் தூசி படியாத வட்டம் ஒன்று மட்டும் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ் பிடித்துப் பின்னால் ஓடலாம், எந்தக் கடைக்கென்று ஓடுவது? பசறைக்கா, பதுளைக்கா? எங்கேயாவது ஒருத்தன் பதினையாயிரத்தை எண்ணிக் கொடுத்து வாங்கியிருந்தால் காசு போயிற்று, மகளுடைய தாழ்ப்பாள் போட்ட அறை போயிற்று. யாராவது உண்மை விலையைச் சொல்லியிருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. அம்மா மாரியாயி, அவனை யாராவது ஏமாற்றிவிடட்டும் என்று வேண்டினாள். வேண்டி முடிக்குமுன்பே, ஐயோ ஏமாற்றிவிடக் கூடாதே என்றும் வேண்டினாள். எந்தப் பக்கம் நினைத்தாலும் அடி அவளுக்குத்தான்.

நாலு மணிக்கு அவன் வந்தான். குடித்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் சுவரோரமாக நகர்ந்தாள். குடித்திருந்தால் அரை மணியில் கை ஓய்ந்து விழுந்துவிடுவான். அவன் கதவைச் சாத்தினான், செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான், சட்டைப் பையிலிருந்து டப்பியை எடுத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“பதுளையில நௌபர் நானா கடைக்குப் போனேன்” என்றான். “நகக்கட வச்சிருக்காரே, வெளிநாட்டுக் காசும் மாத்துவாரு, அவருதான். தராசுல வச்சாரு. ஒரசிப் பாக்கல. ஒரசத் தேவையில்லன்னு சொல்லிட்டாரு.”

அவள் டப்பியையே பார்த்தாள்.

“தம்பி, இதுல எழுதியிருக்கிறது வெல இல்ல, சும்மா பேருக்குப் போட்ட நம்பருன்னாரு. முப்பத்தொரு கிராமாம். நாலு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி, சுத்தத் தங்கமாம். இன்னைக்கு வெலைக்குப் பன்னெண்டு லட்சம். எனக்குத் தண்ணி குடுத்து ஒக்கார வச்சாருடி. ஒங்க சம்சாரத்தப் பாஸ்போட்டோட கூட்டிக்கிட்டு வாங்க, அவங்க வாயால சொல்லட்டும், அப்பத்தான் எடுப்பேன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.”

நௌபர் நானாவை அவள் பார்த்ததுகூட இல்லை. பத்து நிமிசத்தில் பன்னிரண்டு லட்சத்தைப் பதினையாயிரத்துக்கு வாங்கியிருக்கக் கூடிய மனுசன், அல்லாவுக்குப் பயந்து உள்ளதைச் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலாராணி ஒரு நேர்மையான மனுசனை மனதாரச் சபித்தாள்.

“ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியுங்க.”

“மூணு வருசமா?”

“ஆமாங்க.”

அடி உடனே விழவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருந்தான். சுரேஸ் யோசிக்கிற ஆள் இல்லை, யோசிக்கத் தொடங்கினால் அது நல்ல இடத்தில் போய் முடிந்ததும் இல்லை. “அம்பது டொலர்னப்ப பக்சீசுன்னு நெனச்சேன்” என்றான் மெதுவாக. “பன்னெண்டு லட்சத்த எவன்டி பக்சீசு குடுப்பான்? எதுக்குக் குடுத்தான்? எத்தன நாளைக்குக் குடுத்தான்?”

கலாராணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருடம் அந்தக் காசுக்குப் பக்கத்தில் மரியாதையாக இருந்தவள், அதன் உண்மை விலை தெரிந்த ஒரே நாளில் தேவடியாள் ஆகிவிட்டாள். அந்த விலை ஏற ஏற அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெல்ட்டையும் காதையும் லாச்சியையும் சொன்னாள். கிளினிக்கில் சொன்ன பொய்யையும் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாததைக் கடைசியில் இவனிடம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது.

அவன் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“ஒரு காதுக்குப் பன்னெண்டு லட்சமா? ஒன் காது என்னா வெல போகும்னு எனக்குத் தெரியாதாடி? நான் எத்தன தடவ அடிச்சிருக்கேன். எவனாச்சும் அஞ்சு சதம் குடுத்தானா?”

பிறகு அடித்தான். வலது கைக்குள் டப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே அடித்தான். அதனால் கை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. முதல் அடி கன்னத்தில், இரண்டாவது வாயில். அவள் சுவரோடு சரிந்தாள், கொண்டையைப் பிடித்துத் தூக்கினான். பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்றான். எந்தப் பெயரைச் சொல்வது? அவனே இரண்டு மூன்று அரபிப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தான், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குத்து. அவனுடைய முழங்கால் விலாவில் ஏறியது. பக்கத்தில் டிவிச் சத்தம் கூடியது, ஏதோ நாடகத்தில் யாரோ யாருக்கோ கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த குத்து வலது காதில் விழுந்தது. தகரக் கூரையில் பெருமழை பெய்வதுபோல ஒரு இரைச்சல் எழும்பி, அதற்குள் நாடகமும் கல்யாணமும் அவனுடைய ஏச்சும் முங்கிப்போயின.

அவன் களைத்துப்போய் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்தான். பக்கத்தில் அம்மிக்கல். அதன் மேல் வலது கையை ஊன்றி வைத்து மூச்சு வாங்கினான், விரல்களுக்கு இடையில் டப்பியின் விளிம்பு தெரிந்தது. இடது கையால் செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். அப்போது கதவு திறந்தது. மாலை வகுப்பு முடிந்து, வெள்ளைப் பாடசாலை உடுப்போடு நிரஞ்சலா நின்றாள்.

சுரேஸ் மகளைப் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை, காலிலிருந்து தலைவரை, சந்தையில் ஆடு பார்க்கிற பார்வை. அவன் முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைக் கலாராணி பார்த்தாள். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது கோபத்தைவிட மோசமான ஒன்று. அவன் வாய் அசைந்தது. ஒற்றைக் காதோடு மூன்று வருடம் வாழ்ந்தவளுக்கு வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற பழக்கம் இருந்தது. காதால் கேட்டிருந்தால் தவறாகக் கேட்டதென்று தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

“இவளுக்குப் பதினாறு ஆச்சுல்ல” என்றது அந்த வாய். “வயச ஏத்திப் பாஸ்போட்டு எடுக்கலாம். அந்த வீட்டு நம்பரு ஒன்கிட்ட இருக்கும். லாச்சியில வரிசையா இருக்குன்னு சொன்னியே. இவளும் போயி ரெண்டு கொண்டுவரட்டும்.”

இடது கையை நீட்டி நிரஞ்சலாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

கலாராணி எழுந்தது அவளுக்கே தெரியாது. குழவிக்கல் அம்மிக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது, காலையில் அரைத்த மிளகாய் அதில் காய்ந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கினாள். நாற்பது கிலோ கொழுந்தைத் தலையில் கட்டி மலையேறுகிற கை அது. தலைக்குமேல் தூக்கி, அம்மியின் மேல் ஊன்றியிருந்த அந்த வலது கை மேல் இறக்கினாள். பிளாஸ்டிக் நொறுங்குவதும் எலும்பு நொறுங்குவதும் கல் வழியாக அவளுடைய உள்ளங்கைக்கு ஏறின. சுரேஸின் வாய் திறந்தது, உள்நாக்கு வரை தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிரஞ்சலா கோயிலடிக்கு ஓடவில்லை. திரும்பிக் கதவைச் சாத்தித் தாழைப் போட்டாள். இரண்டாவது தடவை தேவையே இல்லை. இருந்தாலும் கலாராணி கல்லை மறுபடி இறக்கினாள்.

விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித்தான் காசை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு விரல் எந்தப் பக்கமும் திரும்பியது. சுத்தத் தங்கம் மெத்தென்றிருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். காசு ஒரு பக்கம் மடங்கி, ராணியின் மூக்கு உள்ளே போயிருந்தது. இடுப்புப் படங்கில் துடைத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, மகளைப் பார்த்துக் கதவைத் திற என்று கை காட்டினாள். வாசலில் லயமே நின்றது. முன்னால் நின்ற பாக்கியலெட்சுமி அக்கா சுரேஸின் கையைப் பார்த்தாள், கலாராணியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வேகமாகத் தன் காம்பராவுக்குள் போனாள். டிவியை நிறுத்தத்தான் போனாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் சுரேஸ் குழவிக்கல் கை தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னான். இரண்டு தடவை எப்படி விழுந்தது என்று டாக்டர் கேட்டாராம். பொண்டாட்டி அடித்தாள் என்று சொல்லிப் பொலிசில் எழுதிக்கொடுக்க அவனுடைய மீசை இடங்கொடுக்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வரிசையில் நின்று கலாராணியும் வலது காதைக் காட்டினாள். சவ்வு கிழிந்திருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்று ஒரு சின்ன டாக்டர் கடதாசியில் எழுதிக் காட்டினார். வீட்டுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்குது என்று மகளிடம் சொன்னாள். நிரஞ்சலா அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை இருவரும் ஆளுக்கொரு பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நிரஞ்சலாவின் பையில் முழுக்கப் பள்ளிப் புத்தகம். சுரேஸின் கை முழங்கைவரை வெள்ளைக் கட்டாக நெஞ்சின் மேல் கிடந்தது. மூன்று விரல் இனி மடங்காது என்று பக்கத்துக் கட்டில்காரன் தானாகவே சைகையில் சொன்னான். சுரேஸ் அவளைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தான், வலியில் மறுபடி சாய்ந்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. பதினேழு வருடத்தில் அவனிடம் அவள் காணாத ஒன்று. சந்தோசப்படலாம் என்று பார்த்தாள், வரவில்லை.

தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணம் பதினையாயிரமும் செலவழியாமல் அவளுடைய மடியில் இருந்தது, மூன்று ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற காசு. இனி எந்தச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது தோட்டத்துத் துரையின் பாடு. எடுத்து, அவனுடைய நல்ல கையைத் திருப்பி, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

என்னாடி இது என்று அவன் வாய் கேட்டது.

“அம்பது டொலருங்க” என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “கைக்கு.”

அதற்குப் பிறகும் அவனுடைய வாய் என்னென்னவோ அசைந்தது. அவள் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவன் பேசாத மாதிரிதான், அது இப்போது எவ்வளவு வசதியாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர்கள் படியில் தொங்கிக்கொண்டு வாயை அகலத் திறந்து ஊர்ப் பெயர்களைக் கத்தினார்கள். பசறை எது, பண்டாரவளை எது என்று தெரியாமல் கலாராணி நடுவில் நின்றாள். பண்டாரவளை வீட்டைப் பற்றி மகளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நிரஞ்சலா அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறினாள், யன்னலோரத்தில் அம்மாவை உட்கார வைத்து, அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். கொண்டக்டர் வந்து கேட்டதற்கு அவளே ஊரைச் சொன்னாள். எந்த ஊர் என்று கலாராணியால் பிடிக்க முடியவில்லை. நோட்டை நீட்டினாள், மீதி வந்தது, வாங்கி முடிந்துகொண்டாள்.

பஸ் டவுனைத் தாண்டி மேடு ஏறத் தொடங்கியபோது நிரஞ்சலா பேசினாள். முதலில் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு, பிறகு மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு, பிறகு நேராக அம்மாவுடைய முகத்தைப் பார்த்து. ஒன்றிரண்டு வார்த்தை இல்லை. மூச்சு விடாமல், உதடு நடுங்க நடுங்க, கையை விரித்தும் மடக்கியும், ஏழு வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்ததுபோலப் பேசினாள். இடையில் அழுதாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். வேகத்தில் உதடுகள் ஒன்றில் ஒன்று மோதின, ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தனக்குக் கேட்காதென்று தெரிந்துதான் பேசுகிறாளோ என்று கலாராணிக்குத் தோன்றியது. நிறுத்தச் சொல்லவில்லை. வளைவுகளில் பஸ் ஆட, யன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகளுடைய வாயையே பார்த்தாள். அது கொஞ்சம் நிற்கும்போதெல்லாம், ம் என்று தலையாட்டினாள். நிரஞ்சலா மறுபடி தொடங்கினாள்.